மறுப்புக்கு இடமுள்ள அன்பு

பதின்பருவக் காதலில் வன்முறை என்ற சொல்லைக் கேட்டதும் நாம் முதலில் காயத்தைத் தேடுகிறோம். கையில் தழும்பு உண்டா, கன்னம் வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால், ‘சின்னப் பிள்ளைகளின் சண்டை, தானே சரியாகிவிடும்’ என்று அமைதி கொள்கிறோம். ஆனால் காயம் பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. பல மாதங்களுக்கு முன்பே வந்துவிடும் அடையாளங்கள் வேறு. அவற்றைக் காண ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த உறவில் ஒருவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அதன் பிறகு என்ன நடக்கிறது? இக்கட்டுரை அந்தக் கேள்வியை ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்க்கிறது.

சிங்கப்பூரின் கேலாங்கிலிருந்து தொடங்குவோம். கேலாங் ஈஸ்ட் அவென்யூ 2இல் ஸ்ரீ சிவன் கோயில் இருக்கிறது. அதே வட்டாரத்தில் பொது நூலகமும் பள்ளிகளும் அடுக்குமாடி வீடுகளும் உள்ளன. சற்று நடந்தால் பாய லேபார் ரயில் நிலையத்தைச் சூழ்ந்த கடைத்தொகுதிகள். மாலையானால் பள்ளிச் சீருடையில் இளையர் கூட்டம் அங்கே நிறைந்துவிடும். இதே கேலாங்கின் இன்னொரு பக்கத்தில், இரட்டை எண் கொண்ட லோரோங்குகள் சிலவற்றுக்கு நெடுங்காலமாகச் சிவப்பு விளக்குப் பகுதி என்ற பெயர் உண்டு. ஆகவே இங்கு வளரும் பெண்பிள்ளைகளுக்கு ‘அந்தப் பக்கம் தனியாகப் போகாதே’ என்ற எச்சரிக்கை சிறு வயதிலேயே கிடைத்துவிடுகிறது. எச்சரிக்கை தவறில்லை. ஆனால் ஆபத்து என்றால் அது தெருவில் நிற்கும் அந்நியன் என்ற ஒரே படத்தை அது மனத்தில் பதித்துவிடுகிறது. காதல் உறவில் துன்புறுத்துபவரோ முகமும் பெயரும் தெரிந்தவர். பிறந்தநாளுக்குப் பரிசு தந்தவர். சில வேளை நம் வீட்டுக்கே வந்து தேநீர் அருந்திச் சென்றவர். தெரிந்தவரிடமிருந்து வரும் தீங்கை அறிந்துகொள்ளும் கல்வியை நம் பிள்ளைகளுக்கு நாம் வீட்டில் இன்னும் போதிய அளவு கொடுக்கவில்லை.

அந்தக் கல்வியின் முதல் அடுக்கு, பிணக்கையும் அடக்குமுறையையும் பிரித்தறிவது. காதலர்களுக்கிடையே கோபமே வரக்கூடாது என்று தமிழ் மரபு ஒருபோதும் சொன்னதில்லை. திருக்குறளின் கடைசி அதிகாரமே ஊடலில் விளையும் உவகையைப் பற்றியது. இளைய பிணக்கைப் புலவி என்றும் முதிர்ந்த பிணக்கைத் துனி என்றும் உரையாசிரியர்கள் நுட்பமாகத் தரம் பிரித்தார்கள். இந்த வகை ஒவ்வொன்றிலும் மறைந்திருக்கும் நிபந்தனை ஒன்று உண்டு: கோபிக்கும் உரிமையும் விட்டுக்கொடுக்கும் கடமையும் இருவருக்கும் பொதுவானவை. இன்று அவள் ஊடுகிறாள், அவன் பணிகிறான். நாளை மாறி வரும். யாரும் யாருக்கும் அஞ்சுவதில்லை. அடக்குமுறையில் இந்தச் சமநிலை இல்லை. கோபம் எப்போதும் ஒருவருடையது, மன்னிப்புக் கேட்பவர் எப்போதும் மற்றவர். ஒருவர் வாயைத் திறக்கும் முன்பே மற்றவரின் முகத்தைப் பார்த்துச் சொற்களை அளக்கத் தொடங்கினால், அங்கே ஊடல் முடிந்து அச்சம் தொடங்கிவிட்டது.

இரண்டாம் அடுக்கு, இந்த அச்சம் வளரும் விதம். அது பெரும்பாலும் அன்பின் உடையில்தான் வருகிறது. ‘வீடு சேர்ந்ததும் செய்தி அனுப்பு’ என்பது அக்கறை. அனுப்ப ஐந்து நிமிடம் தாமதமானால் இருபது அழைப்புகள் வருவது கண்காணிப்பு. பிறகு கைப்பேசியில் இருப்பிடத்தை எந்நேரமும் பகிரச் சொல்வார், அடுத்து கடவுச்சொல், அடுத்து, இன்ன நண்பனோடு பேசாதே, இந்த உடையை அணியாதே, அந்த இணைப்பாட நடவடிக்கையை விட்டுவிடு என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு கோரிக்கையும் தனியே பார்த்தால் சிறியது. மறுத்தால் ‘என்மேல் நம்பிக்கை இல்லையா’ என்ற கேள்வி தயாராக இருக்கும். மறுத்ததற்காக நாள் கணக்கில் பேசாமல் இருத்தல், நண்பர்கள் முன்னிலையில் இழிவாகப் பேசுதல், ‘நீ விட்டுப்போனால் செத்துவிடுவேன்’ என்று அச்சுறுத்துதல் என்று மறுப்பின் விலை ஏறிக்கொண்டே போகும். நாளடைவில் மறுக்கும் முயற்சியே நின்றுவிடும். அமெரிக்க ஆய்வாளர் இவான் ஸ்டார்க் 2007இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு தனிக் குற்ற வடிவமாகவே விளக்கினார்: அடிகளை எண்ணுவதைக் காட்டிலும், ஒருவரின் அன்றாடச் சுதந்திரம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்ப்பதே சரியான அளவை என்பது அவர் வாதம். இங்கிலாந்து 2015இல் இவ்வகைக் கட்டுப்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கியது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும் அடையாளங்களும் இதிலிருந்தே பிறக்கின்றன. கலகலப்பாக இருந்த பிள்ளை நண்பர் வட்டத்திலிருந்து விலகுகிறது. கைப்பேசி அதிர்ந்தால் முகம் மாறுகிறது. சாப்பாட்டை விட்டு எழுந்து பதில் அனுப்புகிறது. எங்கு சென்றாலும் படம் எடுத்துச் சான்று அனுப்புகிறது. பிடித்த விளையாட்டோ நடனமோ காரணமின்றி நின்றுபோகிறது, மதிப்பெண் சரிகிறது. வெயில் நாளிலும் முழுக்கைச் சட்டை. ‘அவன் கோபக்காரன்தான், ஆனால் தப்பு என்மேல்தான்’ என்ற வாக்கியம் அடிக்கடி வருகிறது. இவற்றில் ஏதோ ஒன்றைக் கண்டவுடன் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தேர்வு நெருக்கடியும் இப்படித் தோன்றலாம். ஆனால் பல அடையாளங்கள் ஒரே மனிதரைச் சுற்றித் திரண்டால், அமைதியாக விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மூன்றாம் அடுக்கு: உள்ளே இருப்பவருக்கு இது ஏன் தெரிவதில்லை? முதற்காரணம் எளியது. பதினைந்து வயதில் வரும் காதலுக்கு ஒப்பிட்டுப் பார்க்க முன்னொரு காதல் இல்லை. பொறாமையின் அளவே அன்பின் அளவு என்று யாரேனும் சொன்னால் நம்புவது இயல்பு. நம் திரைப்படங்கள் பல்லாண்டுகளாக அதைத்தான் சொல்லியும் வந்திருக்கின்றன: விருப்பமில்லை என்றவளைப் பாட்டுப் பாடிப் பின்தொடர்ந்து, இடைவேளைக்குள் சம்மதிக்க வைப்பவன் நாயகன். இதைத் தமிழ் மரபு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தொல்காப்பியம் ஒருவர் மட்டும் விரும்புவதைக் கைக்கிளை என்றும், பொருந்தாத விருப்பத்தைப் பெருந்திணை என்றும் பெயரிட்டு, இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியது. மிகுந்த வேட்கையால் வலிமை காட்டுவதை அது பெருந்திணையின் கூறாகவே எண்ணியது. ஒத்த அன்பு என்பது அந்நூலின் அடிப்படை. வற்புறுத்திப் பெற்ற இணக்கத்துக்கு அதில் இடமில்லை. பின்தொடர்வதைப் பெருமையாக எண்ணும் இளைஞனிடம் இதைச் சொல்ல வேண்டும். அவன் தன் மரபென்று கருதுவது அண்மையில் திரையில் கற்றது.

இன்னொரு காரணம் மறைவு. நம் குடும்பங்களில் படிக்கும் வயதுக் காதல் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரியாமல் நடக்கிறது. மறைவில் உள்ள உறவுக்குச் சாட்சி இல்லை, அறிவுரை சொல்ல ஆளில்லை. கட்டுப்படுத்த நினைப்பவருக்கு இதைவிட வசதியான நிலை வேறில்லை. ‘உன் அப்பாவிடம் சொல்லட்டுமா’ என்ற மூன்றே சொற்களில் அவர் எதையும் சாதித்துக்கொள்ளலாம். ஒருபாலினக் காதலில் இந்த மிரட்டல் இரட்டிப்பாகும். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப்பிரிவைச் சிங்கப்பூர் 2023 ஜனவரியில் நீக்கிவிட்டது. ஆனால் வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தைச் சட்டம் நீக்க முடியாது.

இந்த மறைவின் உச்சம் அந்தரங்கப் படம். நெருக்கமான வேளையில் நம்பிக்கையோடு அனுப்பப்பட்ட ஒரு படம், பிரிவு வந்ததும் ஆயுதமாகிறது. ‘திரும்பி வராவிட்டால் எல்லாருக்கும் அனுப்புவேன்’ என்பது வெறும் வாய்ச்சொல் என்று தள்ளிவிடவும் முடியாது. பல்லாயிரம் உறுப்பினர்களோடு ஆபாசப் படங்கள் பரிமாறப்பட்ட ஒரு டெலிகிராம் குழுவின் தொடர்பில் 2019இல் சிங்கப்பூரில் கைதுகள் நடந்தன. ஆனால் சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் சட்டத் திருத்தத்தின்படி, ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் இசைவின்றிப் பரப்புவது மட்டுமன்று, பரப்புவேன் என்று மிரட்டுவதும் குற்றம். ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம். கணினியில் புனைந்து ஒட்டிய போலிப் படமும் இதில் அடங்கும். பதினெட்டு வயதுக்குள் எடுக்கப்பட்ட படமென்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற கட்டணமற்ற அனைத்துலகச் சேவையும் உண்டு. படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதன் மின்னியல் கைரேகையை மட்டும் உருவாக்கி, அதில் இணைந்துள்ள சமூக ஊடகத் தளங்களில் அப்படம் தென்பட்டால் நீக்க அது வழிசெய்கிறது.

இப்போது நான்காம் அடுக்குக்கு வருகிறோம். பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. மேற்சொன்ன மிரட்டல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான வலிமை எங்கிருந்து வருகிறது? பெற்றோரின் கோபத்திலிருந்து. மிரட்டுபவரின் கையில் இருப்பது ஒரு படம் மட்டுமே. அந்தப் படத்துக்கு விலை கொடுப்பது, வீட்டில் என்ன நடக்கும் என்ற பிள்ளையின் அச்சம். எவ்வளவு கடுமையான வீடோ அவ்வளவு பெரிய மூலதனம் அவருக்கு. மகளைக் காக்கவே நாம் கடுமை காட்டுகிறோம். அதே கடுமை அவளைத் துன்புறுத்துபவரிடம் பூட்டிவைக்கிறது. செய்தி தெரிந்தவுடன் கைப்பேசியைப் பறிப்பதும் பள்ளியைத் தவிர வேறெங்கும் விடாததும் பிள்ளைக்குக் கற்றுத்தருவது ஒன்றே: உண்மையைச் சொன்னவருக்குத்தான் தண்டனை. அடுத்த முறை அவள் சொல்ல மாட்டாள். மகனுக்கும் இது பொருந்தும். அடக்கப்படும் பையன்களும் உண்டு. ஆண்பிள்ளை இதையா வெளியில் சொல்வான் என்ற ஏளனம் அவர்கள் வாயை அடைத்துவிடுகிறது.

ஐந்தாம் அடுக்கு பிரிவைப் பற்றியது. ‘அவ்வளவு துன்பமென்றால் விட்டுவிடலாமே’ என்று கேட்பவர்கள் அறியாத ஒன்று உண்டு. இவ்வகை உறவில் மிகப் பெரிய மறுப்பு, பிரிவு. ஆகவே மிகப் பெரிய ஆபத்தும் அந்நேரத்தில்தான் எழுகிறது. 2019 மே மாதம் சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக மாணவர், தம்மை விட்டு விலகிய காதலியின் வீட்டுக்குள் நுழைந்தார். மீண்டும் சேரச் சொன்னதற்கு அந்தப் பெண் இணங்கவில்லை. அவர் மயங்கும் வரை அவர் கழுத்தை நெரித்தார் அந்த மாணவர். 2020 ஜூலையில் நீதிமன்றம் அவருக்கு 12 நாள் குறுகிய காலத் தடுப்புக்காவலும் 80 மணி நேரச் சமூக சேவையும் உள்ளிட்ட சமூகத் தண்டனை விதித்தது. தண்டனை போதாது என்று நாடெங்கும் குரல் எழுந்தது. அரசாங்கம் தண்டனைக் கொள்கையை மறுஆய்வு செய்தது. கடுமையான காயம், பாலியல் குற்றம் ஆகிய வழக்குகளில் குற்றவாளியின் மறுவாழ்வு முதன்மைக் கருத்தாக இருக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அவர்கள் பதின்பருவத்தைச் சற்றே கடந்தவர்கள். ஆனால் நாம் இதுவரை கண்ட வரிசை அதில் அப்படியே இருக்கிறது: ஒரு மறுப்பு, அதைத் தாங்க முடியாத ஒருவர்.

தமிழகத்திலிருந்து இன்னும் கொடிய சான்று ஒன்று. 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், தன்னிடமிருந்து விலகிய கல்லூரி மாணவி ஒருவரை ஓர் இளைஞன் ஓடிவந்த ரயிலின் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. எந்தத் தண்டனையும் அந்தப் பெண்ணை மீட்டுத்தராது. ஆகவேதான் பிரிவைத் திட்டமிட வேண்டும் என்கிறோம். ‘கடைசியாக ஒருமுறை தனியாகச் சந்திப்போம்’ என்ற அழைப்பை ஏற்கக் கூடாது. சந்தித்தே ஆகவேண்டுமெனில் மக்கள் நடமாடும் இடத்தில், உடன் ஒருவரோடு. கழுத்தில் கை வைத்தது ஒருமுறையே ஆனாலும் அதைத் தனி எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். கழுத்து நெரிப்புக்கு ஆளானவர்கள் பின்னர் அதே கையால் கொல்லப்படும் வாய்ப்பு பல மடங்கு கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே தழும்பே தெரியாமல் உள்ளே பாதிப்பு இருக்கலாம்; உடனே மருத்துவமனை செல்வது கட்டாயம்.

ஆறாம் அடுக்கு, சட்டத்தின் வாசல். இங்கே பலருக்குக் குழப்பம் உண்டு. சிங்கப்பூரின் மாதர் சாசனத்தின்கீழ் கிடைக்கும் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு, கணவன் மனைவிக்கும் குடும்ப உறுப்பினர்களுக்கும் உரியது. மணமாகாத காதலர்கள் அதற்குள் வருவதில்லை. அவர்களுக்கான வாசல் 2014இல் இயற்றப்பட்ட துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம். பின்தொடர்தல், ஓயாமல் செய்தி அனுப்புதல், வீட்டுக்கும் பள்ளிக்கும் அருகே சுற்றித் திரிதல் ஆகியவை இதன்கீழ்க் குற்றமாகலாம். 2019இல் திருத்தப்பட்டபோது, நெருங்கிய உறவில் இருப்பவரையோ இருந்தவரையோ துன்புறுத்துவோருக்குத் தண்டனையை இரட்டிப்பாக்க வழி செய்யப்பட்டது. மணம் அதற்கு நிபந்தனை இல்லை. 2021 ஜூன் 1 முதல் இதற்கெனத் தனி நீதிமன்றம் இயங்குகிறது. வன்முறை அபாயம் இருந்தால் விரைவுப் பாதுகாப்பு உத்தரவுக்கான மனுவை 24 மணி நேரத்துக்குள் விசாரிப்பது அதன் இலக்கு. பதினாறு வயதுக்குட்பட்டவரோடு பாலியல் உறவு கொள்வது, அவர் இசைந்தாலும் குற்றமே என்பதையும் இரு தரப்பு இளையரும் அறிந்திருக்க வேண்டும்.

சட்டத்துக்கு முன்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் ஒருவராவது உண்டு. பிள்ளை முதலில் கதவைத் தட்டக்கூடிய இடம் அதுவே. வன்முறை, பாலியல் துன்புறுத்தலுக்கான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000 இரவு பகலாக இயங்குகிறது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில், பீட்டி ரோட்டில் உள்ள, இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்ப சேவை நிலையத்தில் தமிழிலேயே மனம்விட்டுப் பேசலாம். இணையவழித் துன்புறுத்தலுக்கென 2023இல் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஷீகேர்ஸ் நிலையம் தொடங்கப்பட்டது. உயிருக்கு ஆபத்தென்றால் தயக்கமின்றி 999. எங்கு சென்றாலும் சான்று துணை நிற்கும்: செய்திகளை அழித்துவிடாமல், தேதி தெரியும்படி திரையைப் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு படி கொடுத்து வைக்க வேண்டும். பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்கக் கூடாது. ஒருமுறை கொடுத்தால் கேட்பது நிற்காது.

பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோருக்கு முன் நண்பரிடமே வாய் திறக்கிறார்கள். அந்த நண்பர் செய்யக்கூடியது நிறைய. ‘இன்னும் ஏன் அவனோடு இருக்கிறாய்’ என்று கேட்டால் அவமானமே கூடும். ‘நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் தப்பில்லை, ஆலோசகரிடம் நானும் உடன் வருகிறேன்’ என்றால் வழி திறக்கும். அறிவுரையைக் கேட்காமல் அவள் மீண்டும் அவனிடம் சென்றாலும் நட்பை முறித்துக்கொள்ளக் கூடாது. இவ்வகை உறவிலிருந்து ஒரே முயற்சியில் வெளிவருபவர்கள் குறைவு. திரும்பி வர ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

கடைசி அடுக்கு தடுப்பு. துன்புறுத்தும் இளையரும் நம் வீட்டுப் பிள்ளையே என்பதை ஏற்காமல் தடுப்பைப் பற்றிப் பேச முடியாது. அவனோ அவளோ பிறவிக் கொடியவர் அல்லர்; மறுப்பை அவமதிப்பாகக் கருதக் கற்றவர். கற்றதை மாற்றவும் முடியும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1990களில் வாஞ்சி ஃபோஷீ என்ற ஆய்வாளர் ‘சேஃப் டேட்ஸ்’ என்னும் பாடத்திட்டத்தைப் பள்ளிகளில் சோதித்தார். பத்துப் பாடங்கள், ஒரு நாடகம், ஒரு சுவரொட்டிப் போட்டி. அதில் பங்கேற்ற மாணவரிடையே நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் உடல்ரீதியான வன்முறை குறைந்திருந்தது. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் குணநலன், குடியியல் கல்வியிலும் நலமான உறவுகள் பற்றிய பாடம் உண்டு. பள்ளியில் கேட்டது வீட்டில் நடைமுறையாக இல்லாவிட்டால் அது தேர்வுத்தாளோடு மறந்துபோகும்.

ஆகவே பெற்றோருக்கு இரு வேண்டுகோள்கள். ஒன்று, எந்தச் சிக்கலும் எழும் முன்பே, இன்றைக்கே, பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: ‘நீ யாரை விரும்பினாய், என்ன அனுப்பினாய் என்பதெல்லாம் பிறகு. ஆபத்து என்றால் முதலில் எங்களிடம் வா. உன்னைக் காப்பது முதல் வேலை, கேள்வி கேட்பது அதற்குப் பிறகுதான்.’ சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். மிரட்டுபவரின் மூலதனம் அந்தக் கணமே கரைந்துவிடும். இரண்டு, உங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்புக் கொடுங்கள். மாமா கன்னத்தைக் கிள்ள வரும்போது குழந்தை விலகினால் வற்புறுத்தாதீர்கள். மகள் கருத்து மாறுபட்டால் எதிர்த்துப் பேசுகிறாள் என்று அடக்காதீர்கள். அக்காளோ தங்கையோ ‘என் பொருளைத் தொடாதே’ என்றால், மகன் அதை மதிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் அன்பு குறையாது என்று வீட்டில் அறிந்த பெண், மறுத்ததற்காகத் தண்டிக்கும் ஒருவரைச் சந்திக்கும்போது அதை அன்பென்று ஏமாற மாட்டாள். மறுப்பைக் கேட்டுப் பழகிய பையனுக்கு, காதலி சொல்லும் ‘வேண்டாம்’ உலகின் முடிவாகத் தோன்றாது. இந்தப் பயிற்சிக்குப் பாடநூலும் நிபுணரும் தேவையில்லை. அதைத் தொடங்கப் பெரியவர்கள் முன்வர வேண்டும்.